ஒன்றரை இஞ்ச்

மாகளிதுர்கா பின்பக்கத்துச் செம்மண் தடத்தில்
ஒரு கல் இருந்தது.
எருமைத் தலை அளவு, நெற்றி மட்டும் வெளியே.
போன தை மாதம் அது
என் ஜிப்ஸியின் அடிவயிற்றைத் தட்டியது.
தட்டியது என்பது மரியாதைக்குச் சொல்வது.
அன்றைக்குப் பிடித்தது எனக்கு இந்த உயர ஆசை.

நாலு இஞ்ச் வை என்றான் பொன்னப்பா.
அவன் வண்டி நாலு இஞ்ச் தூக்கியது.
நிறுத்தினால் அதன் நிழலில் ஒரு ஆட்டோ நிற்கும்.
ஹெப்பாள் மேம்பால வளைவில்
காற்று வந்து தோளைப் பிடித்துத் தள்ளும்போது
அவன் பேச்சை நிறுத்திக்கொள்வதைப்
பக்கத்து சீட்டிலிருந்து பார்த்திருக்கிறேன்.
அவன் மனைவி அதில் ஏறுவதே இல்லை.
ஏன் என்று நான் கேட்டதில்லை.

ஞாயிறு காலை டேப்பை எடுத்தேன்.
சக்கர நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை
நாலு மூலையும் அளந்தேன்.
நாலும் நாலு விதம்.
டிரைவர் பக்கம் அரை இஞ்ச் தாழ்வு:
பதினோரு வருடம் நான் உட்கார்ந்த கணக்கு,
எந்த டாக்டரும் இவ்வளவு நேராகச் சொன்னதில்லை.

பிறகு பேஸ்மென்ட்.
பதினேழாம் தூணருகே
தீயணைப்புக் குழாய் முழங்கை மடக்கும் இடம்
ஆறடி ஐந்து இஞ்ச்.
வண்டி ஆறடி இரண்டு.
மீதி மூன்று.
அந்த மூன்றுக்குள் அடங்க வேண்டும்
என் மலைகள் எல்லாம்.
கொஞ்சம் பெரிய டயருக்கு அரை போக
இரண்டரை.
குழாய்க்கும் எனக்கும் நடுவே
மூச்சுவிட ஒன்று.

இன்னொரு அளவும் உண்டு,
டேப்புக்கு எட்டாதது.
பி.இ.எல். சர்க்கிளில் தினமும் ஏழு ஐம்பதுக்கு
ரேணுகாம்பா ஏறுவார்,
டிபன் பை, குடை, ஆவணியில் மாற்றிய வலது முட்டி.
இடது காலை முதலில் வைப்பார்,
கைப்பிடியைப் பிடித்து ஒரு கணம் யோசிப்பார்,
அப்புறம்தான் மீதி உடம்பு வரும்.
அந்த ஒரு கணத்தை
இரண்டு கணமாக்க எனக்கு உரிமை இல்லை.

லிங்கராஜபுரம் ஜபருல்லா
வண்டிக்கடியில் படுத்தபடியே பேசினார்:
"நாலு வெச்சா ஷாப்ட்டுக்குக் கழுத்து சுளுக்கிக்கும் மேடம்.
ஷாக்கிள நீட்டித் தூக்குறது ஏமாத்து வேலை.
பட்டை புதுசு போடலாம், ரெண்டு வரும்.
ஆறு மாசத்துல அரை உக்காரும்.
உக்காரட்டும். உக்காராத பட்டை உடையும்."

அப்போ ஒன்றரை, என்றேன்.
"அதான் கடைசியில உங்க கையில நிக்கிறது."
பீணியாவில் நான் இரும்பை இழுத்து அறுத்துப் பார்க்கிறவள்.
எவ்வளவு தாங்கும் என்று கையெழுத்துப் போடுகிறவள்.
என் வண்டிக்கு வந்தபோது மட்டும்
நாலு என்ற சொல்
நாக்கில் இனித்துக்கொண்டே இருந்தது. பொய் சொல்லவில்லை.

சாயங்காலம் சுவரில் விளக்கடித்து
வெளிச்சத்தைக் கீழே இறக்கினார்.
"நீங்க ஏறுனா எதிர்ல வர்றவன் கண்ணு ஏன் கூசணும்?"
பில்லில் அதற்குக் காசு போடவில்லை.

மழை விட்ட மூன்றாம் சனிக்கிழமை
மாகளிதுர்கா போனேன்.
கல் இல்லை.
இருந்த இடத்தில் ஒரு பள்ளம்,
அதில் கலங்கல் தண்ணீர், ஒரு தவளை.
உருண்டதா, யாராவது வீட்டுக்குக் கொண்டுபோனார்களா?
இறங்கி நின்று சிரித்தேன்.
சிரித்து முடித்தபின் கொஞ்சம் கோபம் வந்தது.
பள்ளத்தைச் சுற்றி ஓட்டினேன்,
பழைய உயரமே போதுமானதாக இருந்த ஒரு வழியில்.

திங்கட்கிழமை ஏழு ஐம்பது.
இடது கால், கைப்பிடி, ஒரு கணம்.
ரேணுகாம்பா உட்கார்ந்து பையை மடியில் வைத்து
மெட்ரோ தூண்களைத் திட்டத் தொடங்கினார்.
ஒன்றும் கவனிக்கவில்லை.

ராத்திரி பதினேழாம் தூணைக் கடக்கையில்
ஆன்டெனாவை மட்டும் மறந்திருந்தது தெரிந்தது.
குழாயில் பட்டு, வளைந்து, நிமிர்ந்தது.
டிக்.
இப்போதெல்லாம் தினம் இரண்டு முறை.
செக்யூரிட்டி தலை தூக்கிப் பார்ப்பதை
நிறுத்திவிட்டார்.