மார்ச் 18

சி டிரைவ் செத்தது வெள்ளி இரவு.
நீலமாய் ஒருதரம் முழிச்சிட்டுக் கறுத்துப் போச்சு.

அலுமாரிக்குள்ளை பழைய டிஸ்க்.
மேலை பென்சிலாலை என்ரை எழுத்து: மார்ச் 18.
பென்டிரைவிலை பூட் பண்ணி
ரீஸ்டோர் எண்டதை அமத்தினன்.

நாற்பத்தொரு வீதத்திலை
கோண்டாவில் முழுக்கக் கரண்ட் போச்சு.
யூபிஎஸ் கீச்சிட்டுக் கத்துது.
ஒன்பது நிமிசம் தாங்கும்.
இருட்டுக்குள்ளை பச்சைக் கோடு
நகருதோ நிக்குதோ தெரியேல்லை,
நானும் நுளம்புகளும் பார்த்திருந்தம்.
எட்டாவதிலை ஃபேன் சுத்தினது.

விடியப்புறம் திரை வந்தது.
அதுக்கு இன்னும் மார்ச்தான்.
மானிப்பாய்க் கடைக்கு வித்த பிரிண்டரைத் தேடுது,
மாத்தின பாஸ்வேர்டைப் பழையபடி
சொல்லிச் சொல்லிப் பிடிவாதம் பிடிக்குது.

மூலையிலை
சித்திரையிலை நான் அழிச்ச கடிதம்.
"தவயோகன் அண்ணை,
காணிக் கையெழுத்துக்கு என்னாலை வரேலாது,
ஏனெண்டால்"

அவ்வளவுதான்.
வைகாசியிலை போய்
கச்சேரியடி நொத்தாரிசுக்கு முன்னாலை
மூண்டு இடத்திலை கையெழுத்து வைச்சாச்சு.
மெசினுக்கு அது தெரியாது.

பிரிண்டரை நீக்கினன்.
பாஸ்வேர்டை மாத்தினன்.
தேத்தண்ணி ஆறிப்போச்சு.

பிறகு புதுசாய் ஒரு இமேஜ் எடுத்தன்,
கடிதத்தோடை.
டிஸ்கிலை இடம் காணும்.