மாதிரி

ரிங்கஸ்கிட்டியில் மழை மேலிருந்து பெய்வதில்லை,
கடலிலிருந்து பக்கவாட்டில் வரும்.
அதை எந்தச் சமன்பாட்டிலும் நான் சேர்த்ததில்லை.

என் கணக்கெல்லாம் உள்ளே:
இரண்டாயிரம் லிட்டர் எஃகுத் தொட்டி,
அதில் ஒரு சீன வெள்ளெலியின் சினைப்பைச் செல்கள்.
அந்த எலி செத்து அறுபது வருஷத்துக்கு மேல்.
சினைப்பை மட்டும்
இன்னும் சாகக் கற்றுக்கொள்ளவில்லை.

முதல் நாள் சும்மா கிடக்கும்.
அப்புறம் ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும்.
ஐந்தாம் நாள் முப்பத்தேழு டிகிரியை
முப்பத்துமூன்றுக்கு இறக்குவோம்.
பெருகுகிறவரை ஆன்டிபாடி அரைமனசாகத்தான்;
குளிரில் பெருக்கம் நின்றபிறகு
கொட்டும்.
இதற்கு ஒரு வரி எழுதி வைத்திருக்கிறேன்,
கிரேக்க எழுத்து நான்கு, பின்னம் ஒன்று.
அது பொய் சொன்னதில்லை.

இரவு மூன்று மணி மாதிரி மட்டும்
என் மாதிரிக்கு அடங்கவில்லை.
மற்ற புள்ளிகள் கோட்டின்மேல் சமர்த்தாக உட்கார,
இதில் சர்க்கரை
லிட்டருக்குப் பத்தில் ஒரு கிராம் குறையும்.
மூன்று வாரம், எல்லா இரவும்.

படித்தவன் இல்லையா,
சமன்பாட்டில் ஓர் அலையைச் சேர்த்தேன்.
ராப்பசி என்று அதற்குப் பெயரும் வைத்தேன்,
ஜன்னலையே பார்க்காத செல்லுக்கு!
கோடு புள்ளிகளைத் தொட்டுக்கொண்டு போனது.
லிஸ்பன் மாநாட்டுக்குச் சுருக்கம் அனுப்பினேன்.

பிறகு ஒரு வியாழன், பம்ப் ஒன்று மக்கர் செய்ய
நானும் இரவு தங்கினேன்.
மூன்று மணிக்கு டெர்வ்லா ஹார்னெடி
வால்வைத் திறந்து பத்து மில்லி பிடித்து,
குழாயில் நேரம் எழுதி, தாங்கியில் வைத்துவிட்டு
முதலுதவி அறைக்குள் போய்த் தாழ் போட்டாள்.
உள்ளே சின்னதாய் ஒரு மோட்டார்,
இழுத்து
விடுகிற சத்தம்.

நான் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.
அடியில் மங்கலாய் வெள்ளை படிந்தது.
தொட்டியைவிட்டு வந்தது தெரியாமல்
அவை தின்றுகொண்டே இருந்தன.
நாற்பது நிமிடம்.

வந்தவள் கையில் நீலப் பை, இரண்டு பாட்டில்.
“ராத்திரி நான் ஒருத்திதானே, ஃபாக்ட்னா” என்றாள்.
“முய்ரனுக்கு வேற சளி. இது அவளுக்குப் போய்ச் சேரணும்.”
மன்னிப்புக் கேட்கிற குரல் இல்லை.
பாட்டிலில் தேதியும் நேரமும் எழுதினாள்,
குழாயில் எழுதிய அதே பேனாவால்.

விடிவதற்குள் அலையை அழித்தேன்.
லிஸ்பனுக்கு இரண்டு வரிக் கடிதம்.
செயல்முறைத் தாளில் ஒரே திருத்தம்:
இரவு மாதிரி, மூன்று நாற்பது.
காரணம் கேட்ட கட்டத்தில்
‘வசதிக்காக’ என்று எழுதினேன்.
யாருடைய வசதி என்று தாள் கேட்கவில்லை.

இப்போது புள்ளி கோட்டில் இருக்கிறது.
பதினோராம் நாள்தான் இன்னும் இடிக்கிறது:
கணக்குப்படி செத்திருக்க வேண்டியவை
கொட்டிக்கொண்டே இருக்கின்றன.
புதிதாக எதையும் சேர்க்கவில்லை.
மேலங்கியை எடுத்துக்கொண்டு கீழே இறங்குகிறேன்,
அந்த நேரத்தில் அங்கே
யார் நிற்கிறார்கள் என்று பார்க்க.