அறுபதுக்குக் கீழே

மேம்படுத்தல் முடிந்து லேப்டாப் மறுபடி எழுந்தபோது
முழு வெளிச்சத்தோடு எழுந்தது.
குறைக்கும் பொத்தானை அழுத்தினேன்.
திரையோரம் சின்னதாய் ஒரு சூரியன் வந்தது,
அதன் கீழே கோடு சுருங்கியது,
பாதி, கால், அரைக்கால்.
வெளிச்சம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

ஜூன் மாதம். உர்தாதோ ஆற்றுப் பள்ளத்தாக்கில்
நிலா இல்லாத இரவுகள் நான்குதான் மிச்சம்.
திராட்சைச் சங்கத்தில் எடைக்கணக்கு முடித்தாயிற்று.
இனி இரவில் ஒரே ஒரு நட்சத்திரத்துக்குக் கணக்கு எழுதுவேன்,
பத்து மாதத்துக்கு ஒருமுறை மங்கி எழுகிற ஒன்று.
இருட்டுக்குக் கண் பழக அரைமணி.
பழகிய கண்ணைக் கெடுக்க
திரையை ஒரு தரம் பார்த்தால் போதும்.

முதல் இரவு சிவப்பு செலோஃபேன் ஒட்டினேன்.
உல்தாரிகோ மாடியேறி வந்து
"ஒதிலியா, இறைச்சிக்கடை திறந்திருக்கிறாயா?" என்றான்.
அண்ணன். பதினெட்டு வருடம் சுரங்கத்தில் லாரி ஓட்டியவன்.
எதையும் தட்டினால் சரியாகும் என்பான்.
தட்டினான்.
பழசு, தூக்கிப் போடு என்றான்.
பழசுதான். ஒற்றைக் கீலில் நிற்கிறது,
விழுந்துபோன ஓர் எழுத்தின் இடத்தில்
சட்டைப் பொத்தான் ஒட்டியிருக்கிறேன்.
ஆனால் லினக்ஸ் போட்ட பிறகு அது என்னிடம் பொய் சொன்னதில்லை;
அல்லது, எங்கே நின்று பொய் சொல்கிறது என்று
போய்ப் பார்க்க விட்டது.

மூன்றாம் இரவு போய்ப் பார்த்தேன்.
சிஸ், கிளாஸ், பேக்லைட்:
மூன்று படி இறங்கினால் இரண்டு பெயர்கள்.
திரை ஒன்று, அதிகாரிகள் இருவர்.
முதலாமவர் ஏசிபிஐ வீடியோ பூஜ்யம்.
பதினைந்தா, ஆகட்டும். மூன்றா, அப்படியே.
கோப்பில் எண் மாறும்,
கோப்புக்கு வெளியே ஓர் ஈகூட அசையாது.
பொத்தான்கள் இத்தனை நாளும்
இவர் வாசலில்தான் மனுவோடு நின்றிருக்கின்றன.
இரண்டாமவர் இன்டெல்.
அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை.
அவர் கையில் நாலாயிரத்து அறுநூற்று நாற்பத்தெட்டு;
அதைத்தான் என் கண்ணில் கொட்டிக்கொண்டிருந்தார்.

நேராக எழுதப் போனேன். அனுமதி இல்லை.
என் மேசை, என் லேப்டாப், எனக்கே அனுமதி இல்லை.
சூடோவில் தொடங்கி டீயைத் தாண்டிப் போகும் கட்டளை ஒன்று உண்டு;
குடிக்க எதுவும் கிடைக்காது, கதவு திறக்கும்.
இரண்டாயிரம் என்றேன். திரை மூச்சு விட்டது.
ஐந்நூறு. மேசைக்கடியில் துர்கோவின் முகம் மறைந்தது,
வால் தட்டும் சத்தத்தில் நாய் இருப்பது தெரிந்தது.
அறுபது. சாம்பலுக்குள் கங்குபோல எழுத்துகள்.
அங்கே நிறுத்தியிருக்க வேண்டும்.
ஆசை யாரை விட்டது,
பூஜ்யம் என்று எழுதிவிட்டேன்.

போயிற்று.
கங்கு இல்லை, ஓரத்துச் சூரியனும் இல்லை.
விசிறி மட்டும் சுற்றுகிறது.
உள்ளே எல்லாம் நடக்கிறது, எனக்குக் காட்டவில்லை, அவ்வளவுதான்.
மேல் அம்பை இரண்டு முறை அழுத்தி என்டர் தட்டினால்
அறுபது திரும்பி வரும்.
விரலுக்கு அது தெரியும். விரலை அம்பின்மேல் வைத்தேன்.

அழுத்தவில்லை.

முதலில் மலையின் விளிம்பு வந்தது.
பிறகு தண்ணீர்த் தொட்டி, பிறகு என் கை.
வரைபடம் திரைக்குள் கிடந்தது, கிடக்கட்டும்.
ஆறு வருடமாகப் பார்க்கிற அக்கம்பக்கம்,
எது எட்டரை, எது ஒன்பது என்று
தொலைநோக்கிக்குள் ஆள் ஆளாகத் தெரியும்.
நடுவே அது, தன் இறக்கத்தில், செம்புக்காசுச் சிவப்பில்.
எட்டு புள்ளி ஆறு.
கையில் அகப்பட்ட தாளில் பென்சிலால் எழுதினேன்.
விடிந்து பார்த்தால் சங்கத்து ரசீது,
ஒரு கிலோ திராட்சையின் விலைமேல்
குறுக்கே ஏறி உட்கார்ந்திருக்கிறது என் நட்சத்திரம்.

அன்றைக்கே துவக்க வரியில் ஒரு சொல் சேர்த்தேன்.
முதலாமவருக்கு வேலை போயிற்று.
உல்தாரிகோ பொத்தானை அழுத்தினான்,
ஏறியது, இறங்கியது.
"நான் தட்டினது இப்பதான் வேலை செய்யுது" என்றான்.

பொத்தான் கடைசிப் படியில் நின்றுவிடும்,
பூஜ்யம்வரை இறங்காது.
அதை மட்டும் இன்னும் கையால்தான் எழுதுகிறேன்.