பாதிக் காற்று

நொபுத்சுகு நிலத்தில் நிற்கிறது கம்பம்.
உச்சியில் உறைபனி விரட்டும் காற்றாடி.
அது ஊதுவதில் பாதி
என் தேயிலைக்கு வருகிறதாம்,
மின்கட்டணத்தில் பாதி கேட்டான்.
கேட்டு வாங்கிய காற்றா என்றேன்.
பதினோரு வருஷமாகப் பேச்சில்லை.

ஏப்ரல் இரவுகளில்
கூரைமேல் ஹெலிகாப்டர் இறங்குவதுபோல் இரைச்சல்.
இரண்டு முறை புகார் எழுதிப்போட்டேன்.

நேற்று இரண்டரைக்கு விழிப்புத் தட்டியது.
சத்தமில்லை.
அதுதான் எழுப்பியிருக்கிறது.

ஜன்னல் கண்ணாடி விரலைப் பிடித்துக்கொண்டது.
துடைத்துக் கவிழ்த்த வானம்.
சரிவெங்கும் வரிவரியாக,
இன்னும் ஒரு வாரத்தில் எடுக்கவேண்டிய தளிர்.
கம்ப உயரத்தில் வெதுவெதுப்பு
கீழே தள்ளிவிட ஆளில்லாமல் மிதந்திருக்கும்.

அவன் ஹமமட்சு ஆஸ்பத்திரியில், இடுப்பெலும்பு.
என்னிடம் யாரும் சொல்லவில்லை,
எனக்குத் தெரியும்.

இரவுடைக்கு மேல் மழைக்கோட்டு, ரப்பர் பூட்ஸ்.
அவன் எல்லைக்குள் கால் வைத்தபோது
டார்ச்சை ஏனோ அணைத்துக்கொண்டேன்.

விசைப்பெட்டியைத் திறந்தால்
கதவின் உட்புறம் ஒட்டிய காகிதம்,
கொட்டை எழுத்து:
'தானாக ஓடாவிட்டால்
இதை மேலே தள்ளவும். பயப்பட வேண்டாம்.'
ஓர் அம்புக்குறி.

தனிக்கட்டை அவன்.
யார் படிக்க எழுதினான்?

தள்ளினேன்.
முதலில் அவன் செடிகள் அசைந்தன,
அப்புறம் என்னுடையவை.

விடியும்வரை
கவிழ்த்துப்போட்ட கூடைமேல் உட்கார்ந்து
அந்தக் கர்ண கொடூரத்தில்
தூங்கிக்கூடப் போனேன்.

பாதியெல்லாம் தரமாட்டேன்.
இரண்டே முக்காலிலிருந்து ஆறுவரை
எவ்வளவு ஆகும் என்று மட்டும்
கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.