கஜீபன் ஒன்லைனில் இருக்கிறான்

கஜீபனை நான் ஒரு மார்கழி மழையில் செய்தேன்.
முகத்துக்கு மலேசியாவில் எவனோ ஒருவனின் படம்.
ஊர் டொரொன்டோ. வேலை இரவு முறை.
இடது முழங்கையில் பழைய தையல் தழும்பு.
பொய்க்கு ஒரு காயம் இருந்தால்தான் ஆட்கள் நம்புவார்கள்.

யதுர்சனா நம்பினாள்.

அவனுக்கென்று சிம் இல்லாத ஒரு பழைய போன்,
வீட்டு வைஃபையில் மட்டும் மூச்சு விடும்.
பகலில் அவளும் நானும்
உள்துறைமுக வீதி வங்கியில் அருகருகே இருந்து
அடகு நகை நிறுத்தோம்.
மத்தியானம் என் கத்தரிக்காய் அவளுக்கு,
அவளுடைய சூடைப் பொரியல் எனக்கு.
"உனக்கு மட்டும் சொல்லுறன் ரேணு" என்று
முந்தின இரவு நான் எழுதியதை
எனக்கே வாசித்துக் காட்டுவாள்.
ஒரு வரி நல்லாயிருக்கு என்றுகூடச் சொன்னேன்.

ஏன் என்றால்,
நாலு வருசத்துக்கு முந்தி
அவளுக்கு மட்டும் நான் எழுதிய ஒன்று,
பேசி முடித்தவன் தொட்டால் எனக்குக் கூசுது என்று,
ஸ்கிரீன்சொட்டாய் ஊர் முழுக்க நடந்தது.
அறுநூற்றுப் பன்னிரண்டு பேர் சிரித்த பொம்மை போட்டார்கள்.
அதில் ஒன்று என் சித்தப்பா.
மண்டபக் காசு திரும்பி வரவில்லை.
மேலே பெயரைக் கறுப்பால் அழித்திருந்தது, அவசர வேலை,
கறுப்புக்கு வெளியே ஒரு "ட்டி" நீட்டிக்கொண்டிருந்தது.
ரேணுக்குட்டி.
உலகத்தில் ஒரே ஒரு போனில்தான் எனக்கு அந்தப் பெயர்.

அன்றைக்கு என்னைக் கட்டிப்பிடித்து
என்னிலும் கூட அழுததும் அந்தப் போன்காரிதான்.

பதினாலு மாதம் கஜீபன் அவளைக் காதலித்தான்.
அவள் இரண்டு சம்பந்தத்தைத் தட்டினாள்.
பிறகு அவன் எழுதினான்: வாறன்.
பதினெட்டாம் திகதி, பின்னேரம் ஆறு மணி,
இராவணன் வெட்டடி. தனிய நில். பச்சைச் சேலை.

தொட்டில்கள் கட்டிய மரத்துக்குப் பின்னால் நான்.
ஹொட்ஸ்பொட்டில் தொங்கியபடி கஜீபனும் பைக்குள்.
வராதவனுக்காக உடுத்தி நிற்கிற ஒருத்தியை
ஊருக்குக் காட்டப்போகிறேன்.
வீடியோ ஓடுகிறது.

வந்தாள்.
கையில் இரண்டு பொட்டலம் கடலை.
வழியைப் பார்க்கவில்லை, மணியைப் பார்க்கவில்லை.
கடலை மட்டும் பார்த்தாள்.
பிறகு குனிந்து எதையோ தட்டினாள்.
பைக்குள் கஜீபன் அதிர்ந்தான்:

"வெளிய வா ரேணுக்குட்டி. கடலை ஆறுது."

கால்கள் தாங்களாக நடந்தன.
எப்ப இருந்து என்று கேட்க வாய் வரவில்லை.
அவளே சொன்னாள்:
"ஓர்ஸ் ஹில்லில கரண்ட் போனா
டொரொன்டோ ஏனடி இருளுது?
ரெண்டாம் மாசமே தெரியும்."

"பிறகேன்?"

தோலை ஊதினாள். ஒரு மான் வந்து
வெறும் பேப்பரை மென்றது.
"நாலு வருசமாய் நீ என்னோட கறி மாத்தினாய்,
கதைக்கேல்ல.
அவன்தான் கேட்டான், சாப்பிட்டியா எண்டு."

கம்பி வேலி இடுப்பளவுதான்.
அவள் எட்டிப் பார்த்தாள். அடியில் வெள்ளை நுரை.
என் கை அவள் முதுகில் இருந்தது.
பிடிக்கவா என்று
அந்தக் கைக்கே இன்றுவரை தெரியாது.
திரும்பாமலே சொன்னாள், மெதுவாக:
"உன்ர வீடியோ இன்னும் ஓடுதடி."

அந்தப் படத்துக்கு அவள் மன்னிப்புக் கேட்கவில்லை.
கஜீபனுக்கு நானும் கேட்கவில்லை.
ஒரே ஓட்டோவில் திரும்பினோம், காசு பாதிப் பாதி.

இரவு, அவனைக் கொன்றுவிட உட்கார்ந்தேன்.
கடவுச்சொல் பிழை.
திரும்பவும் பிழை.
அவளுடைய பிறந்த நாளைத்தான் வைத்திருந்தேன்,
வேறெந்தத் திகதியும் எனக்கு மனப்பாடமில்லை.

கரண்ட் போகிறது.
மலை முழுக்க இருட்டு. மின்விசிறி கடைசிச் சுற்றுச் சுற்றுகிறது.
என்னுடைய சொந்தப் போனில்
பச்சைப் புள்ளி மட்டும் போகவில்லை.

"சாப்பிட்டியா?"