நாற்பது ரூபாய்

ஒன்பதாம் மாதமே வேப்பெண்ணெய் தடவி
எனக்குப் பாலை மறக்கடித்தாளாம் அம்மா.
சிந்தாமணி மூன்று வயசு வரை
நின்றுகொண்டே குடித்தாள்,
சேலம் புது பஸ் ஸ்டாண்டில்
ஈரோட்டு வண்டி நிற்கும் இடத்தில்,
அம்மா ஒரு கையால்
ஊசிப் பாக்கெட்டை நீட்டிக்கொண்டிருக்க.
இது கேட்டுத் தெரிந்ததில்லை.
பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

எங்கள் ஜனத்தில் மாப்பிள்ளை வீடுதான் பணம் கட்ட வேண்டும்.
மகன் என்றால் செலவு.
'பெண்ணை பேங்கில் போட்டிருக்கிறாய்' என்று
காலனியே சிரிக்கும்.
அம்மாவும் சேர்ந்து சிரிப்பாள்.

சாதிச் சான்றிதழுக்கு அப்பா
கலெக்டர் ஆபீசுக்குப் பதினோரு தடவை போனார்.
பதினோரு தடவையும் அவள் பெயருக்கு.
என் பெயரையும் சேர்த்து எழுத
அவருக்குத் தோன்றவில்லை.
எனக்கும் தோன்றவில்லை,
அதுதான் இப்போது உறுத்துகிறது.

ஐந்தாம் வகுப்போடு
பாசிமூட்டை என் தோளுக்கு வந்தது.
ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவு.
ஒவ்வொரு வளைவிலும் மூட்டை
பக்கத்து ஆள் மடிக்குச் சாயும்,
அவர் முகம் சுளிக்கும்.

அவளுக்குப் பதினாலு வயசில்
அரூரிலிருந்து கேட்டு வந்தார்கள்.
எண்பதாயிரம். ரப்பர் பேண்டு போட்டு,
வெற்றிலை மேல்.
அது வந்தால்தான் எனக்குப் பெண் கேட்கப் போக முடியும்.
அம்மா நோட்டைத் தொடவில்லை.
'பன்னெண்டாவது முடியட்டும்.'
அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை.
ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

போன மாதம்
ஹாஸ்டல் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிவந்தார்கள்.
ஏரியில் பனி விலகாத நேரம்.
படகுத்துறைப் படியில் துணி விரித்து நான்.
நீலச் சுடிதாரில் முப்பது நாற்பது பேர்,
நடுவில் அவள்.
முகத்தைத் திருப்பிக்கொண்டேன், அவளுக்காகத்தான்.
அவளோ நேரே வந்து குனிந்தாள்.
'இந்தச் சிவப்பு எவ்வளவு?'
தமிழில்.
எண்பது, என்றேன்.
முப்பது, என்றாள்.
முடிச்சை இழுத்துப் பார்த்தாள்,
நூல் மட்டம் என்று தோழிகளிடம் சொன்னாள்,
எழுந்து நாலு எட்டு நடந்தாள்.
திரும்பவில்லை.
நான் கூப்பிடும்படி ஆயிற்று.

நாற்பதுக்கு முடிந்தது.
காசை என் உள்ளங்கையில் வைக்கும்போது
எங்கள் பேச்சில், உதடு அசையாமல்,
சாப்பிட்டாயா என்றாள்.

விலை பேசும் வித்தையையும்
அம்மா அவளுக்குத்தான் கொடுத்திருக்கிறாள்.
அந்த மாலைக்கு
அசலே நாற்பத்தைந்து.