மேற்கு ஜெர்மனி, ஒன்றேகால் கிலோ

ஞாயிறு காலை ஏழு மணி, சிக்பேட்டை.
திறக்காத ஷட்டர்களுக்கு முன்னால்
தார்ப்பாய் விரித்து உட்கார்ந்திருக்கிறார் நயாஸ்.
செத்த மிக்ஸிகள், ஜோடி இல்லாத ஸ்கேட்டிங் ஷூ,
அவற்றுக்கடியில் குப்புறக் கிடந்தன
ஐந்து சிம்பல்கள்.

"பித்தளை, கிலோ ஆறுநூறு.
பேர் இருந்தா கிலோவுக்கு இருநூறு கூட."

பேர் என்றால் நாட்டின் பேர்.
தட்டின் நடுவில் குமிழ் எழும்பும் இடத்துக்குப் பக்கத்தில்
எறும்புச் சாரி அளவு எழுத்து.
கம்பெனியின் மை நிற்காது,
யாரோ ஒரு புண்ணியவதி புளி போட்டுத் துலக்கியிருப்பாள்.
குத்திய எழுத்து போகாது.
நகத்தால் படித்தேன்.

ஜப்பான். மெலிசு.
கட்டைவிரல் வைத்தால் ஓரம்
நமுத்த அப்பளமாக மடங்குகிறது.

தைவான். கடைந்த வரிகள் மாதிரித் தெரியும்;
கடையவில்லை, அச்சில் அழுத்தியது.
தட்டினேன்: இட்லிக் குண்டான் மூடி.

இத்தாலி. நிறத்தில் லேசாகச் சிவப்பு, அதாவது வெண்கலம்.
சுத்தியல் குழிகள் ஒரே சீராக இல்லை.
கூலிக்கு அடித்த கை ஒன்று
மத்தியானச் சாப்பாட்டுக்கு எழுந்துபோன இடம் தெரிகிறது.
விளிம்பில் மயிரிழை விரிசல்.
வைத்துவிட்டேன்.
இரண்டு கடை தள்ளிப் போய்த் திரும்பி வந்து
எடுத்துப் பார்த்தேன். மறுபடி வைத்தேன்.

நாலாவதில் எழுத்தே இல்லை.
"மீரட் மால். கல்யாண பேண்டு."
எப்படித் தெரியும் என்றேன்.
"சட்டையைக் கழட்டி வச்சா ஆள் தெரியாதா?"

ஐந்தாவது, மேற்கு ஜெர்மனி.
அந்தப் பேரில் இன்று ஒரு நாடு இல்லை,
எந்தக் கவுன்ட்டரிலும் விசா கிடைக்காது.
இந்த 'மேற்கு'தான் தட்டின் பிறப்புச் சான்றிதழ்:
தொண்ணூறுக்கு முன்னால்.
நயாஸ் கொக்கித் தராசில் மாட்டினார்.
மேற்கு ஜெர்மனி ஒன்றேகால் கிலோ,
ஆயிரம் ரூபாய்.

எபினேசருக்குப் போன் போட்டேன்.
"ஜெர்மனின்னா யோசிக்காதே, வாங்கு.
தைவான்னா தொடாதே."
போன மாதம் வீடு பார்க்கப் போனபோது
"நேட்டிவ் எது?" என்று வீட்டுக்காரர் கேட்டதற்கு
மூன்று நாள் கொதித்தவன் இவன்.

நாலையும் வாங்கினேன்.

லிங்கராஜபுரத்தில் மாடி அறை.
எழுத்துகளின் மேல் ஆளுக்கொரு பிளாஸ்திரி ஒட்டினேன்.
எழுத்தில்லாத மீரட்டுக்கும் ஒன்று, நியாயத்துக்காக.
எபினேசரைச் சுவர் பார்த்து நிற்க வைத்தேன்.
அவன் தோற்கவேண்டும் என்று எனக்கு ஆசை.

அடித்தேன்.
"தைவான்." சரி.
"ஜப்பான்." சரி.
"மீரட். குதிரையில மாப்பிள்ளையே தெரியுறான்." சரி.
எனக்கு வயிறு எரிந்தது.
வெண்கலக் கடையில் யானை புகுந்தாலாவது
வெண்கலம் மிஞ்சும்;
இது முழுக்கப் பித்தளை,
யானைக்கே அசிங்கம்.

கடைசியை ஓரத்தில் ஒரு முறை,
குமிழில் ஒரு முறை அடித்தேன்.
எபினேசர் கொஞ்ச நேரம் பேசவில்லை.
"ரெண்டு தைவானா வாங்கிட்டு வந்தே?"

பிளாஸ்திரியை உரித்துக் காட்டினேன்.
குனிந்து படித்தான், கண்ணாடி போட்டுப் படித்தான்.
"நீ அடிச்ச குச்சி சரியில்லை," என்றான்.

குச்சி சரியாகத்தான் இருந்தது.
ஜெர்மனியிலும் ஏழைப் பையனுக்கென்று
பித்தளை வெட்டியிருக்கிறார்கள்,
அவ்வளவுதான்.

டிசம்பரில் கேரல் ரவுண்டு.
மினி லாரியில் டிரம், மேலே தூறல்.
நல்ல தட்டை யார் நனைய விடுவார்கள்?
தைவானை மாட்டினேன்.
காக்ஸ் டவுன் முனையில் ஒரு பால்கனிக் குழந்தை
இரண்டு காதையும் பொத்திக்கொண்டு
இன்னொரு தடவை என்று குதித்தது.
அடித்தேன்.

மேற்கு ஜெர்மனி மாடியில் இருக்கிறது.
உரித்த பிளாஸ்திரியை அதே எழுத்தின் மேல்
திரும்ப ஒட்டிவிட்டேன்.
பேரை மறைக்க இல்லை.
ஒட்டினால் அந்தக் கீச்சு கொஞ்சம் அடங்குகிறது,
காது கொடுத்துக் கேட்கலாம்.